இனந்தெரியாதோர் வைத்த தீ

எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் புல்லுமலை எரிந்த இரவில் நாங்கள் முதலில் செய்தது போனை எடுத்து வீடியோ பிடித்ததுதான். மறைக்க ஒன்றுமில்லை. இருட்டில் மலையின் தோளில் ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. காற்று திசை மாறி, சாம்பல் முற்றத்துக்கு வந்து விழ ஆரம்பித்த பிறகுதான் போனைப் பொக்கெட்டுக்குள் போட்டோம்.

அது ஆகஸ்ட் மாதம். பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் உள்ளே போக வேண்டிய தோட்டம். மேட்டு லயத்து அண்ணன்மாரும் மாமாமாரும் பச்சைக் குழைகளை முறித்துக்கொண்டு ஏறினார்கள். எங்களில் மூன்று பேரும் பின்னால் போனோம். தீயைக் குழையால் அடிக்கிறது என்றால் சினிமாவில் பார்க்கிற மாதிரி இல்லை. ஓங்கி அடித்தால் பொறி பறந்து பக்கத்துப் புல்லில் விழும். அமுக்கி அமுக்கித்தான் அடிக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் கண் எரியும், தொண்டை காயும். பெண்கள் தேத்தண்ணியும் தண்ணியும் கேத்தல் கேத்தலாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விடியப்புறம் இரண்டு மணி போலக் காற்று விழுந்தது. தீயும் ரோட்டோரத்தில் வந்து நின்றது.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் செய்தி வந்தது. எத்தனை ஏக்கர் எரிந்தது என்று ஒரு கணக்கு. "இனந்தெரியாத நபர்களால் தீ வைக்கப்பட்டிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது" என்று ஒரு வரி. "தீ கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளது" என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். அம்மாயிக்கு வாசித்துக் காட்டினோம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன், தண்ணிய பத்தி ஒன்னும் போடலியா?" என்றார்.

அந்த மலையின் மேலே ஒரு ஊற்று இருக்கிறது. அதிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக் குழாயில்தான் எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வரும். குழாய் மண்ணுக்கு மேலே, புல்லுக்குள்ளேயே கிடந்தது. தீ போன வழியெல்லாம் அது உருகி, வெல்லப்பாகு மாதிரிக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பதினொரு நாளும் பணிய லயத்துப் பீலியில்தான் தண்ணீர் எடுத்தோம். கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் அந்தி நேரத்தில் குடத்தோடு படி ஏறினார்கள். பிள்ளைகள் காலையில் முகம் கழுவத் தண்ணீர் இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். பீலியடியில் இரண்டு சண்டையும் நடந்தது. இதில் எதுவுமே செய்தியில் இல்லை. ஏக்கர் கணக்கு மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து காட்டுத்தீ பற்றிய செய்திகளை நாங்கள் கொஞ்சம் வேறு கண்ணால் வாசிக்கத் தொடங்கினோம். பழைய பத்திரிகைத் துண்டுகள், இணையச் செய்திகள், யூடியூபில் கிடக்கும் செய்தித் தொகுப்புகள் என்று தேடித் தேடிப் பார்த்தோம். பெரும்பாலும் ஒரே அச்சு. தீ வைத்தவர் யாரென்று தெரியாது. அணைத்தவர் யாரென்று சொல்லப்படாது. மேலே ஹெலிகொப்டர் வந்தால் படம் வரும். குழையோடு ஏறிய சனம் படத்திலும் இல்லை, வசனத்திலும் இல்லை. "கொண்டுவரப்பட்டுள்ளது" என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு இரவும் ஐம்பது பேரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஊவாவில் தீ திடீரென்று வானத்திலிருந்து விழுகிற ஒன்றில்லை. மே மாதக் கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கும். ஹட்டன் பக்கமும் நுவரெலியாப் பக்கமும் நனையும். மழையை அங்கேயே கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்று வறண்ட காற்று. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்கிறார்களே, அந்தக் காற்றின் சொந்தக்காரன்தான். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் பதுளை, பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்து மலைகள் காய்ந்து மஞ்சளாகிவிடும். மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்று காயும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புல்வெளிகளில் நட்ட பைனஸ் மரங்களின் ஊசி இலைகள் அடியில் மெத்தை மாதிரிக் குவிந்து கிடக்கும். அதில் பிசின் இருக்கிறது, ஒரு பொறி போதும். இது வருஷா வருஷம் நடக்கிறது. பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி, எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

வருவது தெரிந்த ஒரு விஷயத்தை, வந்த பிறகு மட்டுமே செய்தியாக்குவது ஏன்? எங்கள் முழுக் கேள்வியும் இதுதான். ஜூன் மாதம் முதல் வாரத்தில், "இந்த வருஷம் மலைக்கு மேலே புல் வெட்டித் தடுப்புக்கோடு போட்டாச்சா? யார் போடணும்? காசு வந்ததா?" என்று ஒரு ரிப்போர்ட்டர் பிரதேச செயலகத்திலும் தோட்ட நிர்வாகத்திலும் கேட்டு எழுதினால், அது சின்னச் செய்திதான். படத்துக்கு நெருப்பு இருக்காது. வெட்டின புல்லும் மண்ணும்தான் இருக்கும். லைக்கும் வராது. ஆனால் அந்தச் செய்தி வந்தால் கோடு வெட்டப்பட வாய்ப்பு இருக்கிறது. ஆகஸ்ட்டில் வரும் நெருப்புப் படத்தால் ஒரு புல்லும் காப்பாற்றப்படுவதில்லை.

2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் தீ. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காய்ந்த புல்லுக்குள் மாட்டிக்கொண்டன. இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறையப் பேர் இளம் பெண்கள், எங்கள் வயது. அந்த நாட்களில் எங்கள் லயத்து டிவிகளில் தமிழ்நாட்டுச் செய்தி சனல்கள்தான் ஓடின. ஸ்ட்ரெச்சர்கள், அழுகிற பெற்றோர், வைத்தியசாலை வாசல். நாங்களும் அழுதோம். பிறகு கேள்விகள் வந்தன: காடு காய்ந்து கிடக்கும் மார்ச் மாதத்தில் மேலே போக விட்டது யார், அனுமதி இருந்ததா, வழிகாட்டிகளுக்குத் தீயைப் பற்றி என்ன தெரியும் என்று. நல்ல கேள்விகள். ஆனால் பெப்ரவரியில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மார்ச் தீப்பிடிக்கும் மாதம் என்பது அங்குள்ள சனத்துக்கும் வனத்துறைக்கும் தெரியாத ஒன்றில்லை. சென்னையில் இருந்து சனி ஞாயிறு லீவுக்கு வருகிற பிள்ளைக்குத்தான் அது தெரியாது. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு ஒரு விஷயத்தைக் கொண்டுபோவதுதானே செய்தியின் வேலை.

எங்கள் பக்கத்திலேயே இதைவிடக் கசப்பான ஒரு பாடம் இருக்கிறது. தீ இல்லை, மண். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷங்களுக்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. சனம் லயத்திலேயே இருந்தது. இடையில் இருந்த தூரத்தைக் கடக்க வைக்கும் வேலையை ஒருத்தரும் முடிக்கவில்லை. அதில் அரசுக்குப் பங்கு உண்டு, தோட்ட நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் காகிதத்தை விடாமல் திருப்பித் திருப்பி எழுதாத ஊடகத்துக்கும் பங்கு உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதைச் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 2009 பெப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் மூண்ட தீயில் 173 பேர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணையில், எச்சரிக்கைகள் சனத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு ஆபத்தின் அளவைச் சொல்லும் முறையையே மாற்றினார்கள். 2019-20 கோடையில் 2 கோடி 40 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது, ஏபிசி என்ற பொது ஒலிபரப்புச் சேவையின் உள்ளூர் வானொலிகள் நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தன. எந்த ரோடு மூடியிருக்கிறது, எந்த ஊர் இப்போதே கிளம்ப வேண்டும், எந்த ஊருக்குக் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது என்று. கரண்டும் போன் சிக்னலும் போனாலும் கேட்கட்டும் என்று, பெற்றரியில் ஓடும் ரேடியோவை வீட்டில் வைத்திருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அப்படியும் 33 பேர் இறந்தார்கள். ஆக, வானொலி தீயை அணைக்காது. ஆனால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அது சொல்லும். அதுவும் அந்த ஊர்க்காரருக்கு விளங்கும் பாஷையில்.

பாஷை என்றதும் எங்களுக்கு வயிறு எரிகிறது. தீ எரியும் மலையடியில் இருக்கிற லயங்களில் பேசுவது தமிழ். ஆனால் எச்சரிக்கை முதலில் சிங்களத்தில் வரும். தமிழில் வரும்போது அநேகமாகப் பொழுது விடிந்திருக்கும். வந்தாலும், "பொதுமக்கள் அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்று இருக்கும். அவதானத்துடன் என்றால் என்ன செய்ய வேண்டும்? மாட்டை அவிழ்த்து விடுவதா? ஏலாத ஆட்களை ரோட்டுக்குக் கொண்டுபோவதா? காஸ் சிலிண்டரை வெளியே எடுப்பதா? இதில் ஒன்றையாவது சொல்லி ஒரு வரி எழுதினால் போதாதா?

சரி, ஊடகத்தைத் திட்டிவிட்டோம். இனி எங்கள் கதைக்கு வருவோம்.

அடுத்த வருஷம் நாங்கள் முகநூலில் ஒரு பக்கம் வைத்திருந்தோம். ஊர்ச் செய்தி போடுவோம். ஜூலையில் ஒரு நாள் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மலை முழுக்க நெருப்பு, கீழே லயம் மாதிரி ஒரு வரிசைக் கூரை. பக்கத்துத் தோட்டத்தின் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் பக்கத்தில் ஏற்றினோம். ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கில் பகிர்ந்தார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி, அவனுடைய அம்மா அந்தத் தோட்டத்தில் தனியாக இருக்கிறார், வேலையைப் போட்டுவிட்டு இரவு பஸ் ஏறிவிட்டான். விடிய வந்து பார்த்தால் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறார். மலை பச்சையாக இல்லாவிட்டாலும் எரியாமல்தான் நின்றது. அந்தப் படம் எந்த நாட்டு மலை என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு இரண்டு நாள் சம்பளம் போனது. "பரவால்ல அக்கா, அம்மாவ பாத்தேன்ல" என்றான். அந்தப் "பரவால்ல"தான் எங்களுக்கு அதிகமாகச் சுட்டது.

பெரிய பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2019 ஓகஸ்ட்டில் அமேசன் எரிந்தபோது பிரான்ஸ் ஜனாதிபதி மக்ரோன் பகிர்ந்த படத்தை எடுத்த புகைப்படக்காரர் 2003இலேயே இறந்துபோனவர். கிறிஸ்டியானோ ரொனால்டோ பகிர்ந்த படம் 2013இல் எடுத்தது, அதுவும் அமேசன் இல்லை. ஆனால் அவர்களுடைய பிழையைச் சொல்லி எங்கள் பிழையைச் சின்னதாக்க முடியாது. மக்ரோனின் படத்தைப் பார்த்து யாரும் இரவு பஸ் ஏறியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டோம். அந்த இடத்தில் இருக்கும் ஒருவரிடம் போனில் பேசாமல் தீப் படம் போடுவதில்லை. நாளும் நேரமும் இல்லாமல் போடுவதில்லை. நாஸாவின் ஃபேர்ம்ஸ் என்ற இலவச வரைபடத்தைப் பார்க்கப் பழகினோம். செய்மதி கடந்துபோன சுமார் மூன்று மணித்தியாலத்துக்குள் வெப்பமான இடங்கள் அதில் புள்ளியாக விழும். அதையும் அப்படியே நம்ப முடியாது. முகில் இருந்தால் தெரியாது, சின்னத் தீ தவறிப்போகும், யாரோ வயலில் வைக்கோல் எரித்தாலும் புள்ளி விழலாம். ஆனாலும் வட்ஸ்அப் படத்தைவிட நல்ல சாட்சி. தீ கண்டால் முதல் அழைப்பு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு, பதிவு எல்லாம் பிறகுதான். ட்ரோன் பறக்கவிடுவதில்லை. 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் தீயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த விமானத்தில் யாரோ விட்ட ட்ரோன் மோதி இறக்கையில் ஓட்டை விழுந்து, அந்த விமானம் வேலைக்கு ஆகாமல் போனது. வீடியோ எடுக்கிற ஆசைக்கு அவ்வளவு விலை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் நிறையப் பேசினோம்.

எங்கள் மலைக்குத் தீ வைத்தவர் "இனந்தெரியாதோர்" இல்லை. எங்களுக்குத் தெரியும். லயத்தில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். மாடு வளர்க்கிற, உறவுமுறையில் எங்களுக்கு மாமாவான ஒருவர். அடுத்த வருஷம் ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து பேசினோம். "வச்சேன்" என்று அவர் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்: "கிழட்டுப் புல்ல மாடு திங்குமா? எரிச்சா, ஒரு மழைக்கு இளசா துளிர் வரும். எங்கப்பா காலத்துல நாலு பேரு நின்னு, சுத்தி வெட்டிட்டு, காத்து இல்லாத நேரமா பாத்து வைப்பாங்க. அணையுற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாங்க. இப்போ நின்னா பொலிஸ் பிடிக்கும், பேப்பர்ல போடுவான். அதனால வைக்கிறவன் வச்சிட்டு ஓடிடுறான்."

காட்டுக்குத் தீ வைப்பது சட்டப்படி குற்றம். அது குற்றமாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஓடிப்போன தீயால்தான் எங்கள் அம்மாமார் பதினொரு நாள் குடம் தூக்கினார்கள். ஆனாலும் "நாசகாரர்கள்" என்று தலைப்புப் போட்டால் தீ குறையாது என்று மாமாவின் பேச்சு எங்களுக்குச் சொன்னது. இலங்கையில் காட்டுத்தீ அநேகமாக மனிதர் வைப்பதுதான். மாட்டுக்குப் புல், வேட்டை, தோட்டம் போட நிலம், அணைக்காத சிகரெட், எல்லவுக்கு வருகிறவர்கள் மூட்டிவிட்டுப் போகும் நெருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு முகமும் இருக்கிறது. காரணம் தெரிந்தால்தான் மருந்து தேடலாம். மாட்டுக்குப் புல் எங்கே, அதற்கு யார் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கலாம். "இனந்தெரியாதோர்" என்று எழுதிவிட்டால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. பொலிஸுக்கும் லேசு, பத்திரிகைக்கும் லேசு, மாமாவுக்கும் லேசு, எங்களுக்கும் லேசு.

நாங்கள் அவர் பெயரைச் சொல்லவில்லை. அது சரியா என்று இன்னும் எங்களுக்குள் ஒரு முடிவு இல்லை. எங்களில் ஒருத்தி, "அப்ப நாமளும் இனந்தெரியாதோர்னுதான் எழுதுறோம்" என்றாள். பதில் சொல்ல ஒருத்தருக்கும் வரவில்லை.

செய்தது இவ்வளவுதான். உருகிய குழாயின் படத்தையும் பீலியடி வரிசையின் படத்தையும் வைத்து ஒரு பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினோம். போட்டார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு பேர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். இப்போது குழாய் பாதித் தூரத்துக்கு மண்ணுக்குள் இருக்கிறது. பாறை உள்ள இடத்தில் இன்னும் வெளியேதான். இந்த ஜூனில் கோயில் ஸ்பீக்கரில் அறிவித்தோம். தடுப்புக்கோடு வெட்ட ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், குழாய் போகும் வழியில் இரண்டு பக்கமும் புல் வெட்ட வேண்டும், புகை கண்டால் 117, பிறகு இந்த இரண்டு பேருக்குச் சொல்லுங்கள் என்று. கோயில் ஸ்பீக்கரும் ஒரு செய்தி ஊடகம்தான். நாலு லயத்துக்குக் கேட்கும், தமிழில் கேட்கும், கரண்ட் இருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள். மாமாவும் கத்தியோடு வந்தார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் இருந்த புல்லை அவர்தான் வெட்டினார்.